ஒன்பது தையல்

லியுகோ ஊர்
நவம்பர் 10, குளிர் பிறந்து மூன்றாம் நாள்

தங்கச்சி சூயுனுக்கு,

அன்றைக்கு என் முற்றத்தில் யார் யார் நின்றார்கள் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். நல விசாரிப்பெல்லாம் பிறகு. எழுதி வைக்காவிட்டால் நாளைக்கு ஒருவன், நான் அங்கே இல்லவே இல்லை என்பான்.

ஊர்த் தலைவர் ஷி யோங்கு. கரிச் சோதனைக் குழுவின் தலைவன் பாங், கழுத்தே இல்லாதவன். கையில் சிவப்புப் பட்டை கட்டிய ஹு வீட்டுப் பையன்கள் இரண்டு பேர், மூத்தவன் கையில் சம்மட்டி. மதிலுக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு பக்கத்து வீட்டு துவான் பெண்டாட்டி. அடியில் அடுப்புச் சூடு ஓடும் செங்கல் கட்டிலில் படுத்தபடி உன் அத்தான். வாசலில் நின்ற வெள்ளை வண்டிக்குள் இன்னொருவன். கண்வரைக்கும் முகமூடி. கடைசிவரை இறங்கவே இல்லை. அவன் பெயர் மட்டும் எனக்குத் தெரியாது. அப்புறம் நான்.

"பாட்டி, அடுப்ப விட்டுத் தள்ளி நில்லு. தலைநகரத்துக்கு நீல வானம் வேணும். இனிமே யாரும் கரி எரிக்கக் கூடாது" என்றான் பாங்.

"வானம் அவங்களுக்கு, குளிரு எங்களுக்கா? செவுத்துல மஞ்சக் குழாய மாட்டிட்டுப் போனீங்களே, அதுல எரிவாயு எங்கடா? தீக்குச்சிய நீட்டினா குச்சிதான் எரியுது."

"அண்ணி, வாயக் குறைங்க. எங்க வீட்டு அடுப்பையும்தான் ஒடைச்சாங்க" என்றார் ஷி யோங்கு. என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, தன் செருப்பைப் பார்த்துச் சொன்னார்.

மூத்த ஹு மூன்று அடி அடித்தான். அந்த அடுப்பு எனக்குக் கல்யாணமான வருஷம் வந்தது. மேலே கொதித்துக்கொண்டிருந்த கெண்டி பிளந்து தண்ணீர் என் வலது காலில் கொட்டியது. நான் இடுக்கியை எடுத்து அவன் முழங்காலில் போட்டேன். அவன் என்னைத் தள்ளினான். விழுந்த இடத்தில் உடைந்த இரும்பு. கையில் நாலு விரல் நீளத்துக்குக் கிழிந்தது. துவான் பெண்டாட்டி மதிலுக்கு அந்தப்பக்கம் நின்றபடி "ஐயோ ஐயோ" என்றாள். முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் என் வாத்தின் கழுத்தைத் திருகிப் போட்டவள், இன்றைக்கு எனக்காக ஐயோ என்கிறாள்.

கட்டிலுக்குக் கீழே நெருப்பு ஓடாவிட்டால் உன் அத்தான் இந்தக் குளிரைத் தாண்டமாட்டார். செங்கல் சூளையில் முப்பது வருஷம் தூள் தின்ற நெஞ்சு. மருத்துவரே சொல்லிவிட்டார், சூடு குறையக் கூடாது என்று. இது ஒன்றுதான் இப்போது எனக்குக் கவலை. தெற்கே செருப்புத் தொழிற்சாலையில் இருக்கும் என் மகளுக்கு எழுதிவிடாதே. விடுமுறையும் தரமாட்டார்கள், அவளும் அழுது தீர்ப்பாள்.

உன் காது எப்படி இருக்கிறது? நெசவாலைத் தறி தின்ற காது இனிமேல் திரும்பி வராது, ஆனாலும் கேட்கிறேன். நீ தொலைபேசியில் கேட்கமாட்டாய், எனக்கு அந்தச் சின்னத் திரையில் கண் நிற்காது. ஆகவே இந்தக் கடிதம். முழங்காலைப் பார்த்துக்கொள். பேத்தி நன்றாகச் சாப்பிடட்டும்.

அக்கா லியன்ஃபாங்

*

பெய்ஜிங்
நவம்பர் 21

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். மகள், மருமகன், பேத்தி எல்லோரும் சுகம். நீயும் அத்தானும் சுகமாக இருக்க வேண்டும். கைக் காயத்தில் சீழ் வைக்கவிடாதே. உப்பு நீரில் கழுவு.

உன் கடிதத்தை வெறுங்காலோடு நின்று படித்தேன். இங்கே தரைக்குள்ளேயே சூடு ஓடுகிறது. சன்னலுக்கு வெளியே வானம் நீலமாகத்தான் இருக்கிறது. பேத்தி போன வருஷம் வரைக்கும் வானத்துக்குச் சாம்பல் நிறம் தீட்டுவாள், இந்த வருஷம் நீலப் பென்சில் கேட்கிறாள். இதை உனக்கு எழுதவே கூச்சமாக இருக்கிறது.

ஒரு நல்ல செய்தி. உருக்கு ஆலையை மூடியதிலிருந்து வீட்டில் கிடந்த என் மகன் ஹைபோவுக்கு அக்டோபரிலிருந்து அங்கேயே, நம் வட்டத்தின் அரசாங்க அலுவலகத்தில் வேலை. என்ன வேலை என்று எனக்கும் சரியாகத் தெரியாது, நாற்காலி வேலைதான். இப்போதைக்குத் தற்காலிகம். நிரந்தரமாக்கிவிட்டால் அவன் பெண்டாட்டி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திரும்பி வருவதாகச் சொல்லியிருக்கிறாளாம். வேலை அதிகம், உன்னை வந்து பார்க்கவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. ஐந்து வருஷம் உன் கட்டிலில் உருண்டு வளர்ந்த பிள்ளை, மறந்துவிடுவானா?

அத்தானின் இருமல் எப்படி? எதை வைத்துச் சூடு பண்ணுகிறாய்? எல்லாவற்றையும் எழுது. மனம் அடித்துக்கொள்கிறது.

தங்கை சூயுன்

*

லியுகோ
டிசம்பர் 7, பெரும்பனி நாள்

தங்கச்சிக்கு,

நாங்கள் இருக்கிறோம். கைக்காயம் மூடிவிட்டது. கால் தோல் உரிந்து புதுத்தோல் வருகிறது.

எப்படிச் சூடு பண்ணுகிறாய் என்று கேட்டாய். மஞ்சள் குழாயில் மதியம் மட்டும் கொஞ்சம் மூச்சு வருகிறது. அதையும் நாள் முழுக்க எரித்தால் மகள் அனுப்புவது பத்து நாளைக்குக்கூட வராது. மின்போர்வை வாங்கினேன். தெரு முழுக்க எல்லோரும் அதையே வாங்கிவிட்டதால் மின்சாரம் விழுந்துகொண்டே இருக்கிறது. போன வாரம் வீட்டுக்குள்ளேயே தண்ணீர்ப் பானை வெடித்தது. உன் அத்தானுக்கு நாலு போர்வை போர்த்தினேன். பாரத்தில் மூச்சு விட முடியவில்லை என்கிறார். போர்வையை எடுத்தால் உதடு நீலமாகிறது. நீல வானம் கேட்டார்களே, அது இங்கே அவர் உதட்டில்தான் வந்து இறங்கியிருக்கிறது.

இப்போது சொல்வதை உனக்கு மட்டும் சொல்கிறேன். படித்ததும் கிழித்துப் போடு. மலைக்கு அந்தப்பக்கத்துக்காரன் ஒருவன் வண்டியில் முட்டைக்கோசுக்குக் கீழே கரி வைத்து விற்கிறான். வாங்கினேன். சோதனைக்காரர்கள் கொட்டகையைப் பார்ப்பார்கள், கோசுக் குழியைப் பார்ப்பார்கள், அடுப்புச் சாம்பலைக் கிளறுவார்கள். எந்த மனிதனும் கை வைக்காத இடம் ஒன்று நம் வீட்டில் இருக்கிறதே! அவருக்கும் எனக்கும் சாவுக்கென்று முன்கூட்டியே செய்து வைத்திருக்கும் ஆயுள் பெட்டிகள். அவர் பெட்டியில்தான் கரியை நிரப்பினேன். மேலே அவரைக் கடைசியில் போர்த்துவதற்கென்று தைத்து வைத்த நீலப் போர்வையை விரித்துவிட்டேன். அடுத்தவனுடைய ஆயுள் பெட்டியை எவனும் திறந்து பார்க்கமாட்டான். அவ்வளவு கேடுகெட்டவன் இன்னும் பிறக்கவில்லை.

உன் அத்தான் படுத்த இடத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏண்டி, நான் போறதுக்குள்ள என் எடத்த வாடகைக்கு விட்டுட்டியா?"

"ஆமா. குடியிருக்கிறவன் வாடகைக்குப் பதிலா உமக்குச் சூடு தருவான். சும்மா கெடங்க."

இருமல் வரும்வரைக்கும் சிரித்தார். உடைந்த அடுப்பின் வாயை மண்ணால் அடைத்து, கட்டிலுக்குக் கீழே நேரடியாக எரிக்கிறேன். மூடுபனி இறங்கும் காலையில் மட்டும். அப்போது புகை தெரியாது. மூன்று நாளாக அவர் கால்விரல்களில் சிவப்பு வந்திருக்கிறது. கஞ்சியை இரண்டு கிண்ணம் குடித்தார்.

ஹைபோவுக்கு வேலை கிடைத்ததில் சந்தோஷம். கோபம் இருக்கிறது, ஆனாலும் சந்தோஷம். போன புத்தாண்டுக்கும் அவன் வரவில்லை, அதையும் எழுதி வைத்துக்கொள். உன் முழங்காலுக்கு இஞ்சி அரைத்துப் போடு.

அக்கா

*

பெய்ஜிங்
டிசம்பர் 15

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நலமே இருக்கட்டும். பெட்டி விஷயம் படித்துச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. உன்னால் மட்டும்தான் முடியும். கடிதத்தைக் கிழித்துவிட்டேன்.

அத்தானின் காலில் சிவப்பு வந்ததே பெரிய ஆறுதல்.

ஹைபோ ரொம்பத் தளர்ந்து போயிருக்கிறான். தினமும் எனக்குத் திரையில் எழுதி அனுப்புகிறான். மாதம் முடிவதற்குள் அலுவலகத்தில் ஏதோ எண்ணிக்கை காட்ட வேண்டுமாம், காட்டாதவர்களை அனுப்பிவிடுவார்களாம். பிள்ளையின் முகத்தைப் பார்த்து நாலு மாதம் ஆகிறது என்று எழுதியிருந்தான். தாய்க்கு என்ன செய்ய முடியும்?

வேறு விசேஷம் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

சூயுன்

*

லியுகோ
டிசம்பர் 31

தங்கச்சிக்கு,

உன் அத்தான் ஹான் தேஷுன் இருபத்தாறாம் தேதி காலையில் போய்விட்டார். தந்தி கொடுக்கும் காலமும் இல்லை, தொலைபேசியில் சொன்னால் உனக்குக் கேட்கவும் கேட்காது. இப்போதுதான் கைக்கு எழுதும் தெம்பு வந்தது. இடதுபக்கம் விலா எலும்பு இரண்டு உடைந்திருக்கிறது. குனிந்தால் குத்துகிறது, அதனால் பலகையை மார்புயரத்துக்கு வைத்து எழுதுகிறேன்.

இருபத்திரண்டாம் தேதி, நெடுங்குளிர் நாள். காது உதிராமல் இருக்கக் கொழுக்கட்டை தின்னும் நாள். மாவு பிசைந்துகொண்டிருந்தேன். அதே வெள்ளை வண்டி. அதே ஆட்கள். ஷி யோங்கு, பாங், ஹு பையன்கள் இரண்டு பேர், வண்டிக்குள் அதே முகமூடிக்காரன். மதிலுக்கு மேலே துவான் பெண்டாட்டி.

அவர்கள் கொட்டகைப் பக்கம் திரும்பவில்லை. கோசுக் குழியைப் பார்க்கவில்லை. அடுப்பைக்கூடத் தொடவில்லை. நேராகப் பின்னறைக்குப் போனார்கள். பாங் சொன்னதை ஒரு சொல் மாறாமல் எழுதுகிறேன்.

"நீலப் போர்வையத் தூக்குடா. அதுக்குக் கீழதான் இருக்கு."

மூத்த ஹுவே தயங்கினான். "அண்ணே, இது ஆயுள் பெட்டிண்ணே. வேணாம்ணே."

"செத்தவன் இருந்தாத்தாண்டா பெட்டி. கரி இருந்தா கெடங்கு. ஒடை!"

உன் அத்தான் ஒரு மாதமாகத் தானாக எழுந்து உட்காராதவர். சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து பெட்டிமேல் குப்புற விழுந்து கட்டிக்கொண்டார். சின்ன ஹு அவர் இரண்டு காலையும் பிடித்து இழுத்தான். மோவாய் பெட்டி விளிம்பில் இடித்து நாக்கு கடிபட்டது. அப்படியே தரையில் இழுத்துக்கொண்டு போனான், மூட்டையை இழுப்பதுபோல. வாயிலிருந்து வந்த ரத்தம் வாசற்படிவரைக்கும் கோடு போட்டது. அவர் கண் முன்னாலேயே கோடரியைப் போட்டார்கள். சைப்ரஸ் மரம், இரண்டு விரல் கனம். முதல் வெட்டில் பிளக்கவில்லை. ஏழு வெட்டு. எண்ணினேன்.

நான் பாங்கின் முதுகில் ஏறினேன். எனக்கு எழுபத்துமூன்று வயது என்பது அவனுக்கும் மறந்துவிட்டது, எனக்கும் மறந்துவிட்டது. கழுத்து இல்லாததால் காதுதான் வாய்க்குக் கிடைத்தது. கடித்தேன். அவன் சுவரில் என்னை மோதினான், விடவில்லை. கோடரிக் காம்பால் விலாவில் அடித்தார்கள். இரண்டாவது அடிக்குத்தான் வாய் திறந்தது. ஒரு துண்டு என் வாயிலேயே இருந்தது. கொழுக்கட்டைக்குப் பிசைந்த இறைச்சிக் கிண்ணத்தில் துப்பினேன்.

"கிழட்டு நாயே!" என்று கத்திக்கொண்டு அவன் முற்றத்துக்கு ஓடினான். போகும்போது, இனி எதையும் எரிக்கக் கூடாது என்று கட்டிலின் பக்கச் சுவரைச் சம்மட்டியால் உடைக்கச் சொன்னான். உடைத்தார்கள். கரி முழுவதையும் அள்ளிக்கொண்டு போனார்கள். ஷி யோங்கு மட்டும் கடைசியாக நின்று நீலப் போர்வையை உதறி மடித்து வைத்துவிட்டுப் போனார்.

அன்று மாலை துவான் பெண்டாட்டி ஒரு கிண்ணம் கொழுக்கட்டையும் ஒரு வாளி வைக்கோல் மண்ணுமாக வந்தாள். கட்டில் ஓட்டையை அடைத்தாள். வேடிக்கை பார்க்க வந்தவள், வெறுங்கையோடு வர வெட்கப்பட்டிருப்பாள். கொழுக்கட்டையைக் கோழிக்குப் போட்டேன்.

பெட்டிப் பலகைகள் கிடந்தன. அவற்றைப் போட்டு எரித்தேன். விறகும் கூடாதாம். வரட்டும், வந்து பார்க்கட்டும் என்று பட்டப்பகலில் எரித்தேன். புகை நேராக மேலே போனது, ஒருவனும் வரவில்லை. நாலு நாள் அவர் சூடாக இருந்தார். சைப்ரஸ் புகை வாசனையாக இருக்கிறது என்றார். வீங்கின நாக்கால் கடைசியாகச் சொன்னது, "என் வீட்டையே எனக்கு எரிக்கிறியேடி". சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன்.

அரசாங்கச் சுடுகாட்டில் எரித்துத் தந்த அவர் சாம்பலை என் பெட்டியில் வைத்துப் புதைத்தோம். நீலப் போர்வை போர்த்தினேன். இப்போது எனக்குப் பெட்டி இல்லை.

தங்கச்சி, யார் சொன்னது? இந்த ஒன்று தெரியாமல் நான் சாகமாட்டேன். யோசித்துச் சொல். நீ சின்ன வயதிலிருந்தே என்னைவிடப் புத்திக்காரி.

நீ அழாதே. உன் ரத்த அழுத்த மாத்திரையைத் தவறவிடாதே.

அக்கா

*

பெய்ஜிங்
ஜனவரி 9

அக்கா,

நான் நலம் என்று எழுதக் கை வரவில்லை. மூன்று நாள் ஒன்றும் இறங்கவில்லை. அத்தான் என்னைத் தோளில் வைத்து ஆற்றைத் தாண்ட வைத்தவர். அவர் காலைப் பிடித்து இழுத்தானே, அந்தக் கை அழுகட்டும்.

அந்த மிருகத்துக்குக் காதில் ஒன்பது தையலாமே, அதற்குப் பத்தாவதும் விழுந்திருக்க வேண்டும். உன் பல்லுக்கு நான் பொன் கட்டுகிறேன் அக்கா.

யார் சொன்னது என்று கேட்டாய். நான் தூரத்தில் இருப்பவள், என்ன தெரியும்? ஆனால் யோசித்துப் பார்த்தேன். மதில்மேல் எப்போதும் யாருடைய தலை இருக்கிறது? உன் பின்னறைச் சன்னல் யார் முற்றத்தைப் பார்த்து இருக்கிறது? துவான் பெண்டாட்டியாகத்தான் இருக்கும். காட்டிக் கொடுப்பவர்களுக்கு மாவும் எண்ணெயும் தருகிறார்களாம். வாத்தின் கழுத்தைத் திருகியவளுக்கு இதெல்லாம் பெரிய காரியமா? குற்ற மனசு இல்லாமலா அன்றைக்கே மண்ணைத் தூக்கிக்கொண்டு வந்தாள்?

விலா எலும்பை அசைக்காமல் படு. வெந்நீர் ஒத்தடம் கொடு.

சூயுன்

*

லியுகோ
ஜனவரி 20, பெருங்குளிர் நாள்

தங்கச்சிக்கு,

நீ சொன்னதுதான் சரி. என் புத்திக்கு அது முன்னாலேயே எட்டியிருக்க வேண்டும். உன் கடிதத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு நேற்றுக் காலை அவள் முற்றத்துக்குப் போனேன். கட்டையில் கோசு நறுக்கிக்கொண்டிருந்தாள். கையில் நான் கொண்டுபோனது கரி கிளறும் இரும்புக் கம்பி. என் அடுப்பில் மிச்சமான ஒரே சாமான்.

"லியன்ஃபாங்கா? வா, உக்காரு. விலா எப்பிடி இருக்கு?" என்றாள்.

"மாவு ருசியா இருந்திச்சா?"

"எந்த மாவு?"

"என் புருசன் உசுருக்குக் குடுத்தாங்களே, அந்த மாவு."

அவள் எழுந்திருக்க வலது கையைக் கட்டையில் ஊன்றினாள். அந்த மணிக்கட்டில் போட்டேன். காய்ந்த கிளை முறிகிற சத்தம். இரண்டாவது அடியும் அதே இடத்தில். "என்னத்துக்குடி? லியன்ஃபாங், என்னத்துக்குடி?" இதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டாள். கத்தி அவள் இடது கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் கிடந்தது. அவள் அதைத் தொடவில்லை. மூன்றாவது அடிக்கு ஓங்கியபோது அவள் புருஷன் ஓடிவந்து கம்பியைப் பிடுங்கிக் கூரைமேல் எறிந்தான். என்னை அடிக்கவில்லை. "வீட்டுக்குப் போ அண்ணி" என்றான், அவ்வளவுதான். காவல் நிலையத்துக்கும் போகவில்லை.

குற்றமுள்ளவள், எப்படிப் போவாள்?

நெஞ்சு ஆறியதா என்று நீ கேட்பாய். ஆறியிருக்க வேண்டும். நேற்று நன்றாகச் சாப்பிட்டேன். ஆனால் அந்த "என்னத்துக்குடி" மட்டும் காதில் நிற்கிறது. உன் காது எனக்கு வந்தால் தேவலை.

எழுது. புத்தாண்டுக்குப் பேத்திக்குச் சிவப்புச் சட்டை வாங்கிக் கொடு.

அக்கா

*

லியுகோ
பிப்ரவரி 26

சூயுன்,

ஐந்து வாரமாக உன்னிடமிருந்து எழுத்து இல்லை. புத்தாண்டும் போய்விட்டது. காய்ச்சலா? முழங்காலா? நான் சுகமாக இருக்கிறேன். விலா கூடிவிட்டது.

நேற்று ஷி யோங்கு வந்தார். பாவம், அவருடைய அம்மாவையும் இந்தக் குளிர் கொண்டுபோய்விட்டது. உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்.

"பாங் மறுபடி வேலைக்கு வந்துட்டான் அண்ணி. காதுல ஒம்பது தையலு. வண்டிக்குள்ள நேத்து எண்ணிப் பாத்தேன்."

"ஊரெல்லாம் தெரிஞ்ச கதைதானே?"

"எங்க தெரியும்? நாய் கடிச்சதுன்னு சொல்லிக்கிட்டுத் திரியிறான். ஒரு கெழவி கடிச்சான்னு சொல்லுவானா? தையல் கணக்கு அந்த வண்டில போற ஆளுங்க நாலு பேருக்கு மட்டும்தான் தெரியும். எனக்கே நேத்துதான் தெரியும்."

அவர் போனபிறகு உன் ஜனவரிக் கடிதத்தை எடுத்தேன். எனக்கு நாலு வகுப்புப் படிப்பு, ஆனாலும் ஒன்பது என்ற எழுத்து தெரியும். நான் உனக்குத் துண்டு என்று எழுதினேன். தையல் என்று எழுதவில்லை. எத்தனை என்று எனக்கே தெரியாது.

உனக்கு யார் சொன்னது? இது ஒன்றைத்தான் கேட்கிறேன். பதில் எழுது.

லியன்ஃபாங்

*

பெய்ஜிங்
மார்ச் 14

என் அக்காவுக்கு, உன் காலில் விழுந்து எழுதுகிறேன். நீ நலமாக இரு, என்னைப் பற்றிக் கேட்காதே.

வண்டிக்குள் இருந்தவன் ஹைபோ. அக்டோபரிலிருந்து அந்தக் குழுவில்தான் இருக்கிறான். உன்னிடம் சொல்ல அவனுக்கும் வாய் வரவில்லை, எனக்கும் வரவில்லை. அவன் உன் முற்றத்தில் இறங்கமாட்டேன் என்று பாங்கிடம் அழுதிருக்கிறான்.

மாதம் முடியப் போகிறது, அவன் பெயரில் கரி பிடித்த கணக்கு ஒன்றுகூட இல்லை. வேலை போகப் போகிறது, இனிப் பிள்ளையைப் பார்க்கவே முடியாது, ரயில் பாதைக்குப் போகிறேன் என்று எழுதினான். நான் பைத்தியமாகிவிட்டேன் அக்கா. ஒரே மகன். உன் பெட்டியைப் பற்றி அவனுக்கு எழுதிவிட்டேன். மெதுவாகப் போய், மரியாதையாகப் பேசி, கரியை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொல் என்றும் எழுதினேன். கோடரி கொண்டுபோவார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? அத்தானுக்கு வேறு கரி வாங்க நானே அனுப்பலாம் என்று நினைத்திருந்தேன். பெற்ற வயிறு அக்கா. நீயாக இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பாய்.

பட்டினி வருஷத்தில் உன் பங்கு இலைக்கஞ்சியை எனக்கு ஊற்றினவள் நீ. அந்தக் கையால் என்னை நாலு அறை அறை. ஆனால் எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே. ஹைபோ வேலையை விட்டுவிட்டான். மூன்று மாதமாக யாரோடும் பேசுவதில்லை. உன் வாயால் ஒரு வார்த்தை வந்தால் பிழைத்துக்கொள்வான்.

பாவி சூயுன்

*

லியுகோ
ஏப்ரல் 8, கல்லறை துடைக்கும் நாளுக்கு மூன்றாம் நாள்

இந்தக் கடிதத்தில் நலம் விசாரிப்பு இல்லை.

அன்றைக்கு நின்றவர்களை மறுபடியும் எழுதுகிறேன். முதல் கடிதத்தில் ஒரு பெயர் விட்டுப்போயிருந்தது.

ஷி யோங்கு. நீலப் போர்வையை மடித்து வைத்தார். அவரை விட்டுவிட்டேன். ஹு பையன்கள். மூத்தவன் ஒருமுறை வேண்டாம் என்றான், அந்த ஒரு சொல்லுக்காக அவனை விட்டேன். காலை இழுத்த சின்னவனுக்கு இன்னும் மீசை முளைக்கவில்லை. வாழ்நாள் முழுக்க நெடுங்குளிர் நாள் வரும்போதெல்லாம் நினைத்துக்கொள்வான், அது போதும். பாங். அவன் காதில் ஒரு துண்டு குறைகிறது, என் வீட்டில் ஒரு ஆள் குறைகிறது. சரியாகாது. ஆனாலும் அவன் எனக்கு யார்? அந்நியன். அந்நியனை மன்னிக்க என்ன இருக்கிறது, மறக்க என்ன இருக்கிறது.

ஹைபோ. மூன்று நாள் முன்பு கல்லறையில் புல் பிடுங்கப் போனேன், எனக்கு முன்பே ஒருவன் மண்ணில் நெற்றியை வைத்துக் கிடந்தான். முகமூடி இல்லை. நெற்றியில் தோல் போய்விட்டது. "பெரியம்மா, என்னக் கொன்னு போடு" என்றான். செருப்பைக் கழற்றி, கை ஓயும்வரைக்கும் அடித்தேன். மூக்கில் ரத்தம் வந்தது. அவன் தலையைக்கூட மறைக்கவில்லை. கை ஓய்ந்தபிறகு வீட்டுக்குக் கூட்டிவந்து சோறு போட்டேன். இப்போது பின்னறையில் தங்கி, சம்மட்டி உடைத்த கட்டிலைப் புதுச் செங்கல் வைத்துக் கட்டுகிறான். சுவர் கோணல். பிரித்துக் கட்டு என்று திட்டினேன், பிரித்துக் கட்டுகிறான். அவன் பசிக்குச் செய்தான், பயத்துக்குச் செய்தான், இறங்கி வந்து அடியை வாங்கிக்கொண்டான். உன் பிள்ளையைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம்.

துவான் பெண்டாட்டி. அவள் பெயர் யின்ஹுவா. முப்பத்தொரு வருஷம் நான் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவளுடைய வலது கை மூடமாட்டேன் என்கிறது. கிண்ணம் பிடிக்காது, ஊசி பிடிக்காது. தினமும் காலையில் போய் அவளுக்கு மாவு பிசைந்து கொடுக்கிறேன். முதல் நாள் கதவைத் திறக்கவில்லை. இரண்டாம் நாள் திறந்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். ஒன்பதாம் நாள்தான் வாயைத் திறந்தாள்.

"அந்த வாத்த நான் கொல்லலடி. கீரிப்பிள்ள கொன்னிச்சு. அன்னைக்கே சொல்ல வந்தேன், நீ கதவச் சாத்திட்ட."

என்னை மன்னித்தாயா என்று நான் கேட்கவில்லை. கேட்க எனக்கு வாய் இல்லை. பிசைகிறேன், வருகிறேன்.

இப்போது நீ.

பெட்டியைப் பற்றி நீ சொன்னதை நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். பெற்ற வயிறு என்கிறாய், எனக்கும் வயிறு இருக்கிறது. பிள்ளை ரயில் பாதைக்குப் போகிறேன் என்றால் நானும் எதையாவது உளறியிருப்பேன். பதறிச் சொன்ன சொல் அது. உன்னை அறைந்து, அழுது, கூடவே உட்கார்ந்து கஞ்சி குடித்திருப்பேன்.

ஆனால் ஜனவரியில் நீ பதறவில்லை. சூடான தரையில் காலை வைத்துக்கொண்டு, தாளை எடுத்து, துவான் பெண்டாட்டியாகத்தான் இருக்கும் என்று எழுதினாய். வாத்தை நினைவுபடுத்தினாய். சன்னலைக் காட்டினாய். உறை ஒட்டி, தபால்தலை ஒட்டி, படி இறங்கி நடந்துபோய்ப் பெட்டியில் போட்டாய். என் கோபம் எப்படிப்பட்டது என்று இந்த உலகத்தில் உனக்கு மட்டும்தான் தெரியும். நீ என் கையில் கம்பியைக் கொடுத்தாய், யார்மேல் போட வேண்டும் என்றும் காட்டினாய். நான் அவள் கையை உடைத்துவிட்டு உனக்கு எழுதினேன். ஐந்து வாரம் நீ பேசவில்லை.

உன் கடைசிக் கடிதத்தை நாலு தரம் படித்தேன். ஹைபோவைப் பற்றி இருக்கிறது, உன்னைப் பற்றி இருக்கிறது, இலைக்கஞ்சி இருக்கிறது. யின்ஹுவாவின் கையைப் பற்றி ஒரு வரி இல்லை. ஒரு சொல் இல்லை.

இனி எழுதாதே. வந்தால் பிரிக்காமல் கட்டிலுக்குக் கீழே போடுவேன். காகிதத்தையும் எரிக்கக் கூடாது என்று இன்னும் சட்டம் வரவில்லை.

ஷி யோங்குவை மன்னித்தேன், ஹு பையன்களை மன்னித்தேன், ஹைபோவை மன்னித்தேன். பாங்கை அவன் காதோடு விட்டேன். என்னை என்ன செய்வது என்பதை யின்ஹுவா முடிவு செய்யட்டும். மன்னிக்காதவள் ஒருத்தி மட்டும். எங்கள் அப்பா வைத்த முழுப் பெயரையும் எழுதுகிறேன், வேறு எவள்மேலும் பழி விழுந்துவிடக் கூடாது.

கெங் சூயுன்.